புல்லில் நிற்காதீர்கள் என்று நான் கத்தியது ஏன்

நஸ்ரு நானா மௌத்தான செய்தி வந்தபோது நான் உடப்பில் எங்கள் வீட்டில் இருந்தேன். அம்மா பாண் வெட்டிக்கொண்டிருந்தார். நானாவின் மச்சினன் ரிஃபான் போனில். "நானா மௌத்தாகிட்டார். சுபஹுத் தொழுகைக்கு எழுப்பினா எழும்பல்ல" என்றான். வாயில் வந்ததைக் கேட்டேன்: "ஆக்கள் வந்திட்டாங்களா?" வந்துகொண்டிருக்கிறார்கள் என்றான். "புல்லுல ஒருத்தரையும் நிக்க விடாத. கயிறு கட்டு." அவன் போனை வைத்துவிட்டான்.

அன்று குறிஞ்சிப்பிட்டியில் நானா வீட்டு வளவு வாசலில் நான் போட்ட சத்தத்தை உங்களில் பலர் கேட்டீர்கள். மௌத்து வீட்டில் ஒரு பொடியன் வெறி பிடித்தவன் மாதிரி நடந்தான் என்று பிறகு கதைத்ததும் என் காதுக்கு வந்தது. நான் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அந்தப் புல் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீங்களும் கத்தியிருப்பீர்கள்.

அவரை உங்களுக்கு எஞ்சின் பாஸாகத்தான் தெரியும். கற்பிட்டியில் களப்போரம் இருந்த கடையில் படகு எஞ்சின் திருத்தியவர். நான் கெம்பஸ் படிப்பை இடையில் விட்டுவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிய காலத்தில் அந்தக் கடையில் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பெட்டியைக் காட்டி, "இதத் தூக்கு" என்றார். தூக்கினேன். வேலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து என் பெயர் கெம்பஸ். வாடிக்கையாளர் முன்னால் கூப்பிடும்போது இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார். எனக்கு அவர் எதையும் படிப்பிக்கவில்லை. அதற்கு அவருக்குப் பொறுமை இல்லை. உச்சமுனையிலிருந்து ஒருவர் எஞ்சினைக் கொண்டுவந்து என்ன வருத்தம் என்று சொல்லத் தொடங்குவார். அவர் முடிக்குமுன் மூடியைக் கழற்றி வைத்திருப்பார் நானா. சில நேரம் பிழையான பக்கத்தைக் கழற்றியிருப்பார். அவரை அடக்கிய அன்று பள்ளிவாசலில் துஆ ஓதிய பிறகு ஒருவர் எழும்பி, மர்ஹூம் மிகவும் பொறுமைசாலி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரையோ பிழையாக அடக்கிவிட்டோமோ என்று நினைத்தேன்.

அவருடைய நெஞ்சு பழுதானது உங்களுக்குத் தெரியும். கொழும்பில் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார்கள். திகதி தரவில்லை. காத்திருக்கச் சொன்னார்கள். "மோட்டர் ஓடுது, தண்ணி ஏத்துதில்ல" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். கடைக்கு வந்து போகக் களைப்பாக இருந்ததால் எஞ்சின்களை வீட்டு வளவுக்கே கொண்டுவரச் சொன்னார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. அந்த வளவில் அவருடைய மனைவி ஸாஜிதா ராத்தா வளர்த்த புற்றரை இருந்தது. கலியாணம் முடித்து வந்த புதிதில் பதித்த புல். சுற்றிவர எல்லாம் மணல். அந்த ஒரு துண்டு மட்டும் பச்சை. அதன்மேல் நாங்கள் எஞ்சின் தாங்கியை நட்டோம். பெட்ரோலும் பழைய ஒயிலும் சொட்டின. ஒரு இடம் கருகினால் தாங்கியைத் தூக்கிப் பக்கத்தில் நட்டோம். கடைசியில் அந்தப் புற்றரை சொறி பிடித்த நாய் மாதிரி ஆனது. ராத்தா தடுக்கவில்லை. நெஞ்சு வருத்தக்காரன் வீட்டில் கண்ணுக்கு முன்னால் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஹனா. நான்கு வயது. வாய் மட்டும் பதினான்கு வயது. கால்களில் பலம் இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படி. கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது பயிற்சி கொடுக்கும் மிஸ், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே திரிந்தால் கால் இப்படியேதான் இருக்கும், கீழே விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எங்கே விடுவது? மணலில் விட்டால் கணுக்கால் திரும்பிவிடும். சீமெந்தில் விட்டார்கள். ஒரு தடவை விழுந்து நெற்றி உடைந்தது. அதன்பிறகு சீமெந்தைக் கண்டாலே வாப்பாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டாள். மெத்தையில் கால் புதைந்தது. மிஸ் சொன்னாராம், வீட்டில் புல்லுத்தரை இருந்தால் நல்லது, புதையவும் புதையாது, விழுந்தாலும் நோகாது என்று.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று நானா வளவில் இறங்கி அந்தச் சொறிப்புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு எஞ்சினைப் பாதி கழற்றி வைத்திருந்தேன். "எல்லாத்தையும் லேண்ட்மாஸ்டர்ல ஏத்து, கடைக்குக் கொண்டு போ" என்றார். இது பாதியில் கிடக்கு நானா என்றேன். "பாதியோட ஏத்து." அந்த எஞ்சின்காரர் உங்களில் ஒருவர். உங்கள் எஞ்சின் அந்த மாதம் முழுவதும் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

பிறகு தோண்டினோம். கருகிய இடங்களில் ஒரு முழம் தோண்டியும் மணல் பெட்ரோல் மணத்தது. தோண்டியது நான், அவர் குந்தியிருந்து ஒவ்வொரு பிடி மணலாக முகர்ந்து பார்த்து, இன்னும் போ, இன்னும் போ என்றார். குழிகளில் செம்மண்ணும் வெங்காயத் தோட்டத்தில் வாங்கிய பழைய மாட்டெருவும் கலந்து போட்டோம். ராத்தா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒப்பரேசன் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் செய்யலாமே என்றார். நானா நிமிர்ந்து பார்த்தார். "ஒப்பரேசனுக்குப் பொறகு நான் இரிப்பனெண்டு ஒனக்கு ஆரு சொன்ன?" ராத்தா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தேநீர் அதில் அப்படியே இருந்தது. நானா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நடக்கிறது புள்ளட வேல. விழுற எடம் என்ட வேல."

விதை புத்தளம் டவுனிலிருந்து வந்தது. பெட்டியில் பச்சைப் பசேலென்று ஒரு வெள்ளைக்காரன் வீட்டுப் படம். பின்னால் ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன்: மேல்மண்ணைக் கிளறு, விதையைப் பரப்பு, மெல்லிசாக மண்ணால் மூடு, முளைக்கும்வரை காயவிடாதே. அவ்வளவுதான். இருவருக்கும் புல்லைப் பற்றி எதுவும் தெரியாது. விதைத்தோம், தண்ணீர் தெளித்தோம். அடுத்த நாள் காலையில் நான் போனபோது நானா வளவில் நாலு காலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் எறும்புகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றின் தலைக்குமேலும் ஒரு புல்விதை, பாய் விரித்த தோணி மாதிரி. விதைத்ததெல்லாம் சுவரோரம் இருந்த புற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றவா என்றேன். எண்ணெய் ஊற்றித்தானே இவ்வளவும் வந்தது என்று ஏசினார். பிறகு சொன்னார், "நீ கெம்பஸ் படிச்சவன்தானே. அதுகளுக்கு இங்கிலீசுல சொல்லிப் பாரு."

ஜன்னலுக்குள்ளிருந்து ஹனா சிரித்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகிடி இல்லை. அந்த மாதிரிப் பார்வையை நான் வேறு ஒரு இடத்தில்தான் கண்டிருக்கிறேன்: கடலுக்குப் போன படகு நேரத்துக்கு வராதபோது கரையில் நிற்பவர்களிடம்.

இரண்டாம் தடவை விதைக்கும்போது ராத்தாதான் வழி சொன்னார். நொய்யரிசியை அள்ளிக்கொண்டு வந்து புற்றைச் சுற்றிக் கொட்டினார். எறும்புகள் அரிசியில் விழுந்துவிட்டன. விதை தப்பியது. ஆனால் கோழிகள் வந்தன. அடுத்த வீட்டுக் கோழிகள், நானா வீட்டுக் கோழிகள், உரிமையாளர் இல்லாத கோழிகள். இங்கேதான் நாங்கள் ஒரு மடத்தனம் செய்தோம். நம் கரையில் எதை மூடுவதென்றாலும் வலைதான். கிணற்றை மூடுவது வலை, கத்தரிப் பாத்தியை மூடுவது வலை, கோழிக்கூட்டுக் கதவும் வலை. ஒருவரும் யோசிப்பதில்லை. ரிஃபான் ஒரு பழைய வலையைக் கொண்டுவந்தான். விதைமேல் விரித்து ஓரத்தில் கல் வைத்தோம். கோழி தோற்றது. நாங்கள் மூவரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

புல் முளைத்தது. ஊசி மாதிரி. ஒரு காலையில் பார்த்தால் செம்மண் தெரியாமல் ஒரு பச்சைப் புகை. நானா அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் வந்தாலும் காட்டினார். கொஞ்சம் வளர்ந்ததும் வலையை எடுக்கலாம் என்று ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன். புல் வேரோடு வந்தது. வலை தரையோடு கிடந்ததால் புல் ஒவ்வொரு கண்ணுக்குள்ளாலும் வளர்ந்து, முடிச்சுகளைப் பின்னிப் பிடித்திருந்தது. தடி நட்டு உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும். மீன் பிடிக்கிற ஊரில் புல்லையே வலையில் பிடித்துவிட்டோம்.

விட்டுவிடுவோம், வலை இருந்தால் என்ன என்றான் ரிஃபான். நானா தன் காலைத் தூக்கிப் புல்லில் வைத்து இழுத்தார். பெருவிரல் வலைக்கண்ணில் மாட்டியது. உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். வலையை அப்படியே இழுக்க முடியாது. ஒவ்வொரு கண்ணாக வெட்டி, நூலைத் துண்டு துண்டாக உருவ வேண்டும். குனிந்தால் அவருக்கு மூச்சு முட்டும். அதனால் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துக்கொண்டு வெட்டினார். நான் மறுபக்கத்திலிருந்து வெட்டினேன். நாட்கள் போயின. ராத்தா வாசலில் நின்று, "நெஞ்சு வருத்தக்காரன் ஆட்டுக்குட்டி மாதிரிப் புல்லுக்க கெடக்கார். ஊரே பாக்குது" என்றார். நானா தலையைத் தூக்காமல், "பாத்தா வந்து வெட்டச் சொல்லு" என்றார். அன்று பின்னேரம் ராத்தாவும் ஒரு கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்தார்.

அந்த நாட்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்டிக்கொண்டிருந்தவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். நெடுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்கோல் அவர் கையில் கிளிக் கிளிக்கென்று அடித்துக்கொண்டது. வியர்வையா கண்ணீரா என்று தெரியாத மாதிரி முகம் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றேன். தலையை ஆட்டினார். "பயமா இரிக்கு, கெம்பஸ்" என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. என்ன செய்வோம் நானா என்றேன். அவர் புல்லுப் பக்கம் கையைக் காட்டினார். "பைப்பத் தொற. அந்தப் பக்கம் காயுது."

வலை முழுவதும் போன பிறகு ஹனாவை இறக்கினார்கள். அவள் வாப்பாவின் கழுத்தை விடவில்லை. அவரும் அவளோடு சேர்ந்து மெல்ல மெல்லக் குனிந்து, கடைசியில் மல்லாக்கப் புல்லில் படுத்துவிட்டார். அவள் அவர் வயிற்றில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு கால் புல்லைத் தொட்டது. "குத்துது" என்றாள். "குத்தட்டும்" என்றார். மற்றக் காலும் இறங்கியது. அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள், அவ்வளவுதான், நடக்கவில்லை. ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நின்றாள். புல் இன்னும் இளசு, வேர் பிடிக்கவில்லை, அவளைத் தவிர வேறு யாரும் மிதிக்கக்கூடாது என்று நானா சட்டம் போட்டார். ராத்தா உடுப்புக் காயப்போடப் போவதும் சுவரோரமாகத்தான்.

அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் மௌத்தானார்.

நான் உடப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தேன். மதுரங்குளிச் சந்தியில் ஒரு பஸ்ஸின் கீழே போயிருப்பேன். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். மௌத்தானவரின் மையத்தை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கமாட்டீர்கள், நேரத்தோடு அடக்கிவிடுவீர்கள். அதற்குள் ஊர் முழுவதும் அந்த வளவுக்குள் வந்துவிடும். நான் வரும்போது பள்ளியிலிருந்து கதிரைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ரிஃபான் கயிறு கட்டியிருந்தான். ஆட்கள் கயிற்றுக்குள்ளே நின்றார்கள். நான் கதிரைகளைத் தூக்கி ரோட்டில் போட்டேன். கயிற்றுக்குள் நின்றவர்களை வெளியே போகச் சொன்னேன். முதலில் மரியாதையாகத்தான் சொன்னேன். வயதான ஒருவர் என் கையைப் பிடித்து, "தம்பி, புல்லா பெருசு, மையத்தா பெருசு?" என்று கேட்டார். "மையத்துக்கு இனி ஒண்டும் ஆகாது. புல்லுக்கு ஆகும்" என்றேன். யாரோ என்னைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அது யார் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை.

அப்போது பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் வந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். நான் சொன்னேன், அழாமல் சொல்ல முயன்றேன், முடியவில்லை. மையத்தைத் தூக்கும் சந்தூக்கை வேறு வழியால் கொண்டுபோக ஏலாதா என்றேன். அவர் வீட்டுக்குப் பின்னால் குசினிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது ஒடுக்கம், சந்தூக்கு திரும்பாது. முன்வாசலால் புல்லைக் கடந்துதான் போக வேண்டும். சந்தூக்கைத் தூக்குவது உங்களுக்கு நன்மை தேடித் தரும். வீட்டு வாசலிலிருந்தே ஒவ்வொருவரும் ஓடிவந்து தோள் மாற்றுவீர்கள். எத்தனை கால்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குத் தலை சுற்றியது. மோதினார் கொஞ்சம் யோசித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வளவுக்குள்ள தோள் மாத்த வேணாம். செருப்பக் கழட்டி, தூக்குற ஆக்கள் மட்டும் வாங்க. ரோட்டுல மாத்துவோம்."

எல்லோரும் ஓம் என்றீர்கள். செருப்பும் கழற்றினீர்கள். ஆனால் சந்தூக்கு வாசலைத் தாண்டியபோது உள்ளேயிருந்து ராத்தாவின் சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து ஹனா, "வாப்பாவ எங்க கொண்டுபோற?" என்று கேட்டாள். அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்கவில்லை. கயிறு அறுந்தது. எல்லோரும் உள்ளே வந்து தோள் கொடுத்தீர்கள். நான் கையை விரித்துக்கொண்டு நடுவில் நின்றேன். சந்தூக்கு என் முகத்துக்கு முன்னால் வந்தது. என் கைகள் தாமாகவே மேலே போயின. நானும் தோள் கொடுத்தேன். என் காலுக்குக் கீழே புல் நசிந்தது எனக்குத் தெரிந்தது. ஈரமாக, குளிராக. நிற்க முடியவில்லை, பின்னாலிருந்தவர்கள் தள்ள, நான் மிதித்துக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தபோது வாசலிலிருந்து கேட் வரைக்கும் ஒரு பாதை விழுந்திருந்தது. செம்மண் மேலே வந்துவிட்டது. ஹனா நின்று பழகிய இடம் அதன் நடுவில்தான் இருந்தது.

இப்போது ராத்தா இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. நான் அந்நிய ஆண். அது சரிதான், நான் அதை மீறப்போவதில்லை. ஆனால் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் இல்லை. ரிஃபான் அந்தப் பாதையில் மறுபடி விதைத்தான். இந்தத் தடவை வலையை உயரத்தில் கட்டினான். அவன் காலையில் ஊற்றிவிட்டுக் கடலுக்குப் போகிறான். பகலில் நனைக்க ஆள் இல்லை. உள்ளே துணைக்கு இருப்பவர்கள் வயதானவர்கள், அவர்களுக்குப் பைப் இழுக்க ஏலாது. அதனால் நான் வேலிக்கு வெளியே ஒழுங்கையில் நிற்கிறேன். அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்து நீளமாக ஒரு பைப் எடுத்து, தகர வேலிக்கு மேலால் தண்ணீரை வீசுகிறேன். வேலி என்னைவிட உயரம். உள்ளே எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரியாது.

சொல்வது ஹனா. வாசற்படியில் அவளை இருத்திவிடுகிறார்கள். "அங்கால… இன்னும் அங்கால… அது கோழிக்கு மேல விழுது" என்கிறாள். சில நேரம் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லித் தன்னை நனைத்துக்கொண்டு சிரிக்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒழுங்கையால் போகிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்கள்.

புல் வருமா என்று தெரியாது. வந்தாலும் அவள் அதில் இறங்குவாளா என்று தெரியாது. பிடித்து நிற்க அந்தத் தோள் இல்லை. விதை காற்றில் போயிருக்கலாம். மிதிபட்ட வேர் செத்திருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

நானாவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன். பயம் போன பிறகுதான் ஒரு வேலையைச் செய்யலாம் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பயம் போகாத இடத்திலெல்லாம் வேலையை விட்டு எழும்பி வந்துவிட்டேன். கெம்பஸை விட்டதும் அப்படித்தான். அவருக்குப் பயம் கடைசிவரை போகவில்லை. கை நடுங்க நடுங்க வெட்டினார். அவரைத் தைரியசாலி என்று சொல்லாதீர்கள், பொறுமைசாலி என்றும் சொல்லாதீர்கள். அவர் பயந்துபோயிருந்தார், பயந்துபோய் வேலை செய்தார். அந்தப் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அது எனக்குப் போதும்.

இன்று தண்ணீர் விட்டு முடித்து, காணுமா, இவ்வளவு போதுமா என்று வேலிக்கு மேலால் கேட்டேன். ஹனா படியில் இருந்தபடி தரையைப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

"காணாது" என்றாள்.

நான் மறுபடியும் பைப்பை உயர்த்தினேன்.